மகள் வெட்டியது, பேத்தி ஒட்டியது



அழைப்பிதழில் ‘ஒரு தாத்தாவும் அவர் குடும்பமும்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். யார் அந்தத் தாத்தா என்று போடவில்லை. போட்டிருந்தால், ஏதோ அறிவியல் கூட்டம் போலிருக்கிறது என்று பாதிப் பேர் வீட்டிலேயே இருந்திருப்பீர்கள். அந்தத் தாத்தா சார்லஸ் டார்வின். பயப்பட வேண்டாம், குரங்கைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்தத் தாடிக்காரப் பெரியவரை அவருடைய வீட்டார் எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள், எதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

1876ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், 67 வயதில், டார்வின் தன் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தார். ஜெர்மனியிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் கேட்டிருந்தார் என்பது வெளிக்காரணம். உள்காரணத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். தன் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இதில் ஆர்வம் இருக்கலாம் என்கிறார். தன் தாத்தா தன்னைப் பற்றி இப்படி ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைத்திருந்தால், அது எவ்வளவு சப்பென்று இருந்தாலும், தான் ஆசையாகப் படித்திருப்பேன் என்கிறார். கவனியுங்கள், அப்போது அவருக்குப் பேரப்பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஆகஸ்ட் தொடக்கத்தில் எழுதி முடித்தார். செப்டம்பர் 7ஆம் தேதிதான் முதல் பேரன் பிறந்தான். பிறக்காத பேரனுக்கு, பார்க்காத தாத்தாவை நினைத்துக்கொண்டு எழுதிய புத்தகம் அது.

பார்க்காத தாத்தா என்றது சரியாகத்தான். இராஸ்மஸ் டார்வின் 1802இல் போய்விட்டார். சார்லஸ் பிறந்தது 1809இல். ஆனால் பிடிக்காமல் போக முடியாத தாத்தா. லிச்ஃபீல்டு என்ற ஊரில் பெயர்பெற்ற வைத்தியர். மகா பருமன். பேச்சு திக்கும். திக்கினாலும் வாய்க்கு எதிரே நின்று ஜெயித்தவர் குறைவு. செடிகொடிகளின் காதலை நீண்ட கவிதையாக எழுதி 1789இல் வெளியிட்டு, இங்கிலாந்து முழுதும் படிக்கவைத்தார். 1794இலும் 1796இலும் ‘ஸூனோமியா’ என்ற மருத்துவ நூலை இரண்டு பாகங்களாகக் கொண்டுவந்தார். வெதுவெதுப்பான இரத்தம் கொண்ட எல்லா உயிர்களும் ஒரே ஓர் உயிரிழையிலிருந்து வந்திருக்கலாமோ என்ற கேள்வி அதில் இருக்கிறது. பேரன் சொல்வதற்கு அறுபது வருஷத்துக்கும் மேல் முன்பே தாத்தா வாயைத் திறந்துவிட்டார்.

அதற்கும் முன்னால் ஒரு வேடிக்கை நடந்தது. டார்வின் குடும்ப முத்திரையில் மூன்று சிப்பிகள் உண்டு. இராஸ்மஸ் 1770இல் அதோடு ஒரு லத்தீன் வாசகத்தைச் சேர்த்தார்: எல்லாம் சிப்பியிலிருந்து வந்தவை. சேர்த்ததோடு நிற்காமல் அதைத் தன் வண்டியிலும் எழுதிக்கொண்டு நோயாளி வீடுகளுக்குப் போனார். ஊர்த் தேவாலயத்தின் சீவார்டு பாதிரியார், படைத்தவனை விட்டுவிட்டுச் சிப்பியைக் கும்பிடுகிறான் பார் என்று கிண்டலாகப் பாட்டுக் கட்டினார். வைத்தியருக்குத் தொழில் முக்கியமல்லவா? வண்டியில் இருந்ததை அழித்துவிட்டார். சொந்தப் புத்தகங்களில் ஒட்டும் சீட்டில் மட்டும் விட்டுவைத்தார். ஊருக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று என்ற இந்தப் பழக்கம் அந்தக் குடும்பத்தை விட்டு நூறு வருஷத்துக்குப் போகவில்லை. என் பேச்சு முழுவதும் ஒரு வகையில் இதைப் பற்றியதுதான்.

பர்மிங்ஹாம் பக்கத்தில் இராஸ்மஸும் நண்பர்களும் மாதம் ஒருமுறை கூடினார்கள். பௌர்ணமியை ஒட்டிக் கூடுவார்கள். விருந்து முடிந்து இருட்டில் குதிரையேறி வீடு திரும்ப நிலா வெளிச்சம் வேண்டும். அதனால் நிலாச் சங்கம் என்றே பெயர். நீராவி இயந்திரத்து ஜேம்ஸ் வாட், அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டன், ஆக்ஸிஜனைப் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லி, பீங்கான் பாத்திரம் செய்த ஜோசையா வெட்ஜ்வுட். இந்தக் கடைசிப் பெயர்தான் நமக்கு வேண்டியது. குயவர் குடும்பத்தில் பிறந்து, நோயில் ஒரு காலை இழந்து, அரச குடும்பத்துக்கே பாத்திரம் விற்ற மனிதர். 1787இல், விலங்கிடப்பட்ட அடிமை மண்டியிட்டுக் கேட்பது போன்ற ஒரு சிறு பதக்கத்தை வார்த்து நாடு முழுதும் பரப்பினார். அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் அதைச் சட்டையிலும் கைப்பெட்டியிலும் பதித்துக்கொண்டார்கள். இராஸ்மஸும் அந்தப் பக்கம்தான். பின்னாளில் பேரன் பிரேசிலில் அடிமைகள் படும் பாட்டைப் பார்த்துக் கொதித்து, கப்பல் தலைவரோடு சண்டைக்குப் போனான் என்றால், அந்தக் கோபம் இரண்டு தாத்தாக்கள் வழியாகவும் வந்தது.

இரண்டு தாத்தா என்று ஏன் சொல்கிறேன்? 1796இல் இராஸ்மஸின் மகன் ராபர்ட்டுக்கும் வெட்ஜ்வுட்டின் மகள் சூசனாவுக்கும் கல்யாணம். அவர்கள் மகன்தான் சார்லஸ். இனி நடந்ததை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சார்லஸின் அக்கா கேரலைனை, தாய்மாமன் மகன் மூன்றாம் ஜோசையாவுக்குக் கொடுத்தார்கள். 1839 ஜனவரி 29ஆம் தேதி, அதே தாய்மாமன் மகள் எம்மாவைச் சார்லஸ் மணந்தார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம், அதுவும் முறைப்பெண். மதுரைப் பக்கத்து ஆச்சி ஒருவரை அந்தக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போயிருந்தால், மொழி தெரியாமலேயே யார் யாருக்கு என்ன முறை என்று பந்தியில் உட்கார வைத்திருப்பார்.

அந்தத் தாய்மாமன் இல்லையென்றால் டார்வின் இல்லை. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தாய் சூசனா 1817இல் இறந்தபோது பையனுக்கு எட்டு வயது. தகப்பனார் ராபர்ட், ஆறடிக்கு மேல் உயரமும் நூற்றைம்பது கிலோ எடையுமான வைத்தியர். மகன் வேட்டை, நாய், எலி பிடிப்பது என்று திரிந்ததைப் பார்த்து, நீ குடும்பத்துக்கே அவமானமாக வந்து சேரப் போகிறாய் என்று ஒருநாள் திட்டித் தீர்த்தார். 1831இல் ‘பீகிள்’ கப்பலில் உலகம் சுற்ற அழைப்பு வந்தபோதும் அப்பா முடியாது என்றார். ஆனால் ஒரு வாசல் திறந்து வைத்தார்: புத்தியுள்ள யாராவது ஒருவர் போகச் சொன்னால் பார்க்கலாம் என்றார். சார்லஸ் நேரே மாமன் வீட்டுக்குப் போனார். அப்பா சொன்ன ஆட்சேபங்களை வரிசையாக எழுதிக் கொடுக்க, மாமன் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். எழுதி அனுப்பியது போதாதென்று மறுநாள் வண்டி கட்டிக்கொண்டு மருமகனோடு ஷ்ரூஸ்பரிக்கே வந்து நின்றார். டிசம்பர் 27ஆம் தேதி கப்பல் புறப்பட்டது. சீர் செய்வதற்கும் மொய் எழுதுவதற்கும் மட்டும் தாய்மாமன் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மேதைகளின் கதையில் இதை யாரும் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு ராபர்ட் பத்தாயிரம் பவுண்டு கொடுத்தார். மாமன் வீட்டிலிருந்து ஐயாயிரமும், ஆண்டுக்கு நானூறும். பிறகு அப்பாவின் சொத்தில் பங்கு. சார்லஸ் டார்வின் வாழ்நாளில் ஒருநாள்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. கப்பலடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசை எட்டு வருஷம் அறுத்து அறுத்துப் பார்க்க ஒரு மனிதனால் முடிந்ததென்றால், அதற்கு அறிவு மட்டும் போதாது. மாதச் செலவுக்கு யாரும் கவலைப்படாத வீடு வேண்டும்.

கொட்டலசு என்றதும் ஒரு கதை. கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற கிராமத்தில், 1842 முதல் அவர்கள் குடியிருந்த வீட்டில், அந்த ஆராய்ச்சி அத்தனை காலம் நடந்ததால், அப்பா என்றாலே கொட்டலசு அறுப்பவர்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்துப் பெரியவரைப் பற்றி ஒரு பிள்ளை கேட்டதாம்: அப்படியானால் அவர் எந்த அறையில் கொட்டலசு பார்ப்பார்? அந்த வீட்டில் மாடிப்படியில் சாய்த்துப் போட ஒரு சறுக்குப் பலகை இருந்தது. ‘உயிரினங்களின் தோற்றம்’ கைப்பிரதியின் பின்பக்கங்களில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். காய்களும் பழங்களும் குதிரையேறிச் சண்டை போடும் படம் ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தக் கைப்பிரதியின் பக்கங்கள் பெரும்பாலும் தொலைந்துபோயின. தப்பியவற்றில் சில, பின்னால் படம் இருந்த ஒரே காரணத்தால் வீட்டார் எறியாமல் விட்டவை.

இவ்வளவு பிரியமான வீட்டுக்குள் ஒரு பயம் இருந்தது. பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். மூன்று பேர் தங்கவில்லை. 1851இல் மால்வர்ன் என்ற ஊரில் பத்து வயது ஆனி இறந்ததை அவர் கடைசிவரை ஆற்றிக்கொள்ளவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் அடிக்கடி உடம்புக்கு ஏதாவது வரும். தன்னுடைய சீக்கும் தன் கல்யாணமும்தான் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுகிறதோ என்று அவர் மறுகினார். செடிகளில் சொந்த மகரந்தத்தால் உண்டான கன்றுகள் நோஞ்சானாக இருப்பதைத் தோட்டத்தில் ஆண்டுக்கணக்காக அளந்துகொண்டிருந்தவர் வேறு எப்படி நினைப்பார்? 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கணவன் மனைவி சொந்தமா என்று ஒரு கேள்வி சேர்க்கும்படி நாடாளுமன்ற உறுப்பினரான நண்பர் ஜான் லப்பக் மூலம் முயன்றார். நாடாளுமன்றம் ஒப்பவில்லை. பிறகு மகன் ஜார்ஜே கணக்குப் போட்டு, 1875இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பயந்த அளவுக்குக் கேடில்லை என்று முடிவு வந்தது. மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிய சிலராவது இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்கள் வீட்டு மருத்துவர் இன்று கேட்கும் கேள்வியை ஒரு நாட்டின் கணக்கெடுப்பே கேட்க வேண்டும் என்று முதலில் அலைந்தவர்களில் ஒருவர், முறைப்பெண்ணைக் கட்டி, அவளிடம் கடைசிவரை அன்பு மாறாமல் வாழ்ந்த மனிதர்.

இப்போது முதல் பேரன். பெயர் பெர்னார்ட். மகன் பிரான்சிஸின் பிள்ளை. பிறந்த சில நாளில் தாய் எமி இறந்துபோனாள். பிரான்சிஸ் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். அறுபத்தேழு வயதுக் கிழவரும் அறுபத்தெட்டு வயதுக் கிழவியும் மறுபடி தொட்டிலாட்டினார்கள். ஆம், எம்மா கணவரைவிட ஒன்பது மாதம் மூத்தவர். பகலில் பிரான்சிஸ் அப்பாவுக்குச் செடிகளின் அசைவை ஆராய உதவினார். குழந்தை தாத்தா பாட்டியிடம். 1881இல் வந்த மண்புழுப் புத்தகத்துக்காக அந்த வீட்டில் நடந்த கச்சேரி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்புழுவுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கப் பசூன் வாசித்தார்கள், பியானோ வாசித்தார்கள், ஊதல் ஊதினார்கள், கத்தியும் பார்த்தார்கள். புழு அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்துச் சுரத்தைத் தட்டியபோதுதான் அதிர்வு பட்டு வளைக்குள் ஓடியது. ஊதலை ஊதியது சின்னப் பேரன்தான் என்பது குடும்பத்தில் சொல்லும் கதை. புத்தகத்தில் பெயர் இல்லை; ஆனால் ஒரு வீட்டில் சின்னப் பையனும் ஊதலும் இருந்தால் வேறு யார் ஊதியிருப்பார்கள்?

வளர்ந்து ஆளான பேரப்பிள்ளைகள் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் தாத்தாவை நினைவு தெரிந்து பார்த்தவர் பெர்னார்ட் ஒருவர்தான். அவர் விஞ்ஞானி ஆகவில்லை. கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி ‘டைம்ஸ்’ நாளிதழில் நாற்பதாண்டுக்கு மேல் எழுதி, அந்தத் துறையின் முதல் பெரிய எழுத்தாளர் என்று பெயர் வாங்கினார். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. ஏனென்றால், மேதைமை பரம்பரையாக வரும் என்று சாதித்த இன்னொரு பேரனும் சார்லஸின் தாத்தா இராஸ்மஸுக்கு இருந்தார்.

அவர் பிரான்சிஸ் கால்டன். இராஸ்மஸின் இரண்டாம் மனைவி வழிப் பேரன். 1869இல் ‘பரம்பரை மேதைமை’ என்று ஒரு புத்தகம் போட்டு, பெரிய அறிவு இரத்தத்தில் இறங்குகிறது என்று பட்டியல் பட்டியலாக நிறுவப் பார்த்தார். பட்டியலில் டார்வின் குடும்பமும் உண்டு. அதாவது தன் குடும்பத்தையே சாட்சிக்கு அழைத்தார். ‘யூஜெனிக்ஸ்’ என்ற பெயரை 1883இல் கொடுத்தவரும் அவரே. சார்லஸின் மகன் லெனார்ட், 1911 முதல் 1928 வரை அந்தக் கொள்கைக்கான சங்கத்தின் தலைவராக இருந்து, தகுதியற்றவர்கள் என்று சிலரை ஒதுக்கி, அவர்கள் பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்று வாதாடினார். தாத்தாவின் மரபு என்று பேசும்போது இந்த அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளை மட்டும் சுற்றிக் காட்டுவது நியாயமில்லை. கால்டன் பார்க்கத் தவறியது என்னவென்று கேட்டால் நான் அந்தத் தாய்மாமன் எழுதிய பதிலைத்தான் காட்டுவேன். அது எந்த இரத்தத்தில் ஓடியது? பத்தாயிரம் பவுண்டு எந்த உயிரணுவில் இருந்தது? ஒரு குடும்பம் கைமாற்றிக் கொடுப்பதில் பெரும்பகுதி வீடு, பணம், புத்தக அலமாரி, அறிமுகக் கடிதம். மீதியில்தான் மூக்கும் முகவாயும்.

சரி, தாத்தா கதைக்குத் திரும்புகிறேன். 1879இல் டார்வினுக்கு எழுபது வயது நிறைந்தது. ஜெர்மன் இதழ் ஒன்றின் பிறந்தநாள் சிறப்பிதழில் எர்ன்ஸ்ட் க்ராவ்ஸே என்பவர் இராஸ்மஸைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். சார்லஸுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் செய்து, முன்னால் தானே தாத்தாவின் வாழ்க்கையை எழுதிச் சேர்த்தார். முன்னுரை என்று தொடங்கியது கட்டுரையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. பிரியமானவர்களைப் பற்றி எழுதினால் அப்படித்தான் ஆகும். ஒரு பழைய கணக்கும் தீர்க்க வேண்டியிருந்தது. கிண்டல் பாட்டுப் பாதிரியாரின் மகள் ஆனா சீவார்டு 1804இல் எழுதிய புத்தகத்தில், மகன் ஆற்றில் மூழ்கி இறந்த செய்தி கேட்டும் இராஸ்மஸ் கல்லாக இருந்தார் என்று எழுதியிருந்தார். ராபர்ட் அப்போதே சண்டை போட்டு அதை மறுக்கவைத்தார். எழுபத்தைந்து வருஷம் கழித்துப் பேரன் குடும்பக் கடிதங்களை எடுத்துவைத்து மறுபடி மறுத்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். 1837இல் இனங்கள் மாறுவதைப் பற்றித் தன் முதல் குறிப்பேட்டைத் திறந்தபோது சார்லஸ் முதல் பக்கத்தில் எழுதிய தலைப்பு தாத்தாவின் புத்தகப் பெயர்: ‘ஸூனோமியா’. ஆனால் உலகறிய எழுதிய ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் மூன்றாம் பதிப்பில், முன்னோடிகளைப் பட்டியலிடும்போது தாத்தாவுக்குக் கொடுத்தது ஓர் அடிக்குறிப்பு. நிரூபணம் குறைவு, ஊகம் அதிகம் என்பது தாத்தாவைப் பற்றி அவருக்கிருந்த குறை. தனிக் குறிப்பேட்டில் தலைப்பு, வெளியுலகுக்கு அடிக்குறிப்பு. வண்டியில் இருந்ததை அழித்துவிட்டு அலமாரியில் விட்டுவைத்த தாத்தாவுக்கு ஏற்ற பேரன்தான்.

இராஸ்மஸ் வாழ்க்கை வரலாற்றின் அச்சுப்படி மகள் ஹென்ரியட்டாவிடம் போயிற்று. அப்பாவின் புத்தகங்களைத் திருத்திக் கொடுப்பவர் அவர்தான். ‘மனிதனின் வம்சாவளி’ புத்தகத்தையும் அவர் பார்த்துத்தான் அனுப்பினார். கொள்ளுத்தாத்தாவின் கதையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை அவர் வெட்டித் தள்ளினார். நீளம் ஒரு காரணம். ஊர் முகம் சுளிக்கும் என்பது இன்னொரு காரணம். வெட்டுப்படாத முழு நூலை, இராஸ்மஸை ஆராய்வதிலேயே பாதி வாழ்நாளைச் செலவிட்ட டெஸ்மண்ட் கிங்-ஹீலி என்ற விஞ்ஞானி 2003இல்தான் வெளியிட்டார்.

ஹென்ரியட்டாவைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவருடைய தம்பி மகள் க்வென் ராவரா 1952இல் எழுதிய குடும்ப நினைவு நூலில் ‘எட்டி அத்தை’ என்று வருகிறவர் இவர்தான். யாருக்காவது ஜலதோஷம் என்றால், தனக்குத் தொற்றாமலிருக்க, சமையலறைச் சல்லடையில் மருந்துப் பஞ்சை அடைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்து அரசியல் பேசுவாராம். காட்டில் ஒருவகை நாற்றக் காளான் முளைக்கும். அதன் உருவம் கொஞ்சம் ஏடாகூடமானது. அத்தை கூடையும் கூர்க்கம்புமாகப் போய், மோப்பம் பிடித்து, குத்தி எடுத்து வந்து, கூடத்துக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நெருப்பில் போட்டுக் கொளுத்துவார். வீட்டு வேலைக்காரப் பெண்களின் ஒழுக்கம் கெட்டுவிடக் கூடாதே! புத்தகத்தில் அவர் கத்தரி வைத்த விதமும் இதேதான் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அவரோடு நியாயமாக இருக்க வேண்டும். டார்வின் மரணப் படுக்கையில் மனம் திருந்திப் பைபிளைப் பிடித்துக்கொண்டார் என்று ஒரு கதை கிளம்பி, பக்தர்களிடையே வேகமாகப் பரவியது. ஹென்ரியட்டா அம்மாவைப் போலவே பக்தி உள்ளவர். இந்தக் கதை உண்மையாக இருந்தால் அவரைவிட மகிழ்பவர் யார்? அவர்தான் 1922இல், எழுபத்தெட்டு வயதில், ஒரு கிறிஸ்தவ இதழுக்கே எழுதினார்: நான் அப்பாவின் கட்டிலருகே இருந்தேன், அப்படி எதுவும் நடக்கவில்லை. மறைப்பார், பொய்யை மட்டும் ஒட்டவிடமாட்டார். நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட பெரியம்மாக்கள் உண்டு. என் தாத்தாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் வீட்டில் மூன்று கதைகள் சொல்வார்கள். மூன்றும் அவர் நல்லவர் என்று காட்டும் கதைகள். அவர் கோபக்காரர் என்பது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் அவர் எனக்கு ஓர் ஆளாகத் தெரிந்தார்.

1882 ஏப்ரல் 19ஆம் தேதி சார்லஸ் டார்வின் இறந்தார். ஊர்த் தேவாலய மண்ணில் புதைக்கவே வீட்டார் நினைத்தார்கள். நாடு கேட்டு வாங்கி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வைத்தது. பேரப்பிள்ளைகளுக்காக எழுதிய அந்த வாழ்க்கைக் கதை இப்போது அச்சுக்குப் போக வேண்டும். சண்டை வந்தது. கிறிஸ்தவத்தில் தனக்கு நம்பிக்கை எப்படி மெல்ல மெல்லக் கரைந்தது என்று அவர் ஒளிக்காமல் எழுதியிருந்தார். கடவுள் நம்பிக்கையைக் குழந்தை மனத்தில் பதித்துவிட்டால் அதை உதறுவது, குரங்கு பாம்புப் பயத்தை உதறுவது போலக் கடினம் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. எம்மா மகன் பிரான்சிஸுக்குக் கடிதம் எழுதி, அந்த ஒரு வாக்கியம் தனக்கு வலிக்கிறது, அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். அப்பாவோடு நாற்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்திய அம்மா கேட்பதை எந்த மகன் மறுப்பான்? ஹென்ரியட்டா அதைவிடக் கடுமையாக நின்றார். வழக்குப் போடுமளவுக்குப் பேச்சு போனது என்று லெனார்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கடைசியில் 1887இல் பிரான்சிஸ் வெளியிட்ட பதிப்பில் சமயம் பற்றிய பகுதிகள் பல போயின. உயிரோடிருந்த சிலரைப் பற்றிய காரசாரமான கருத்துகளும் போயின.

போனதைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒரு பேத்தி. வளர்ந்து ஆளான மகன்களில் கடைசியான ஹொரேஸின் மகள் நோரா பார்லோ. 1885இல் பிறந்தவர், தாத்தாவைப் பார்த்ததில்லை. மரபணுவியல் படித்தவர், மெண்டலின் விதிகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்த காலத்தில் செடிகளைக் கலந்து சோதனை செய்தவர். அக்விலீஜியா என்ற பூச்செடியில் அடுக்கடுக்கான இதழோடு ஒரு வகை இன்றும் ‘நோரா பார்லோ’ என்ற பெயரில் விற்கிறது. தாத்தா தடுமாறிய கேள்விக்கு, அதாவது குணம் எப்படி இறங்குகிறது என்பதற்கு, விடை கிடைத்துவிட்ட தலைமுறை. 1933இல் ‘பீகிள்’ பயண நாட்குறிப்பைப் பதிப்பித்தார். 1958இல், அத்தைமாரும் பெரியப்பாமாரும் எல்லோரும் போன பிறகு, தன்வரலாற்றைக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, வெட்டப்பட்ட ஏறக்குறைய ஆறாயிரம் சொற்களையும் இருந்த இடத்தில் ஒட்டிக் கொண்டுவந்தார். பாட்டி எழுதிய கடிதத்தையும் சேர்த்தே அச்சிட்டார். தாத்தா சொன்னது வெளியே வந்தது. பாட்டிக்கு வலித்ததும் வெளியே வந்தது.

நான் மிகவும் மதிப்பது அவர் பின்னிணைப்பில் செய்த வேலையை. இராஸ்மஸ் புத்தகத்தால் ஒரு வம்பு கிளம்பியது என்று இன்னும் சொல்லவில்லை. சாமுவேல் பட்லர் என்ற எழுத்தாளர் அதே 1879இல், டார்வினைத் தாக்கி, இராஸ்மஸ் முதலான பழையவர்களே மேல் என்று ஒரு புத்தகம் எழுதியிருந்தார். க்ராவ்ஸே தன் கட்டுரையைத் திருத்தும்போது பட்லருக்கு ஒரு குத்து வைத்தார். திருத்திய கட்டுரை என்று சொல்லும் வரி டார்வினின் அச்சுப்படியில் இருந்தது. எப்படியோ கைதவறி எடுபட்டுப் போயிற்று. என் புத்தகம் வருவதற்கு முன்பே எழுதியது போலக் காட்டி என்னை ஏமாற்றினீர்கள் என்று பட்லர் பத்திரிகையில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். டார்வின் பதில் எழுதி எழுதி வைத்தார். வீட்டில் ஆளுக்கொரு யோசனை. யோசனை கேட்கப்பட்ட ஹக்ஸ்லியும் லெஸ்லி ஸ்டீபனும் வாயைத் திறக்காதீர்கள் என்றார்கள். திறக்கவில்லை. பட்லர் சாகும்வரை மன்னிக்கவில்லை.

இதில் ஒரு சுவை. இந்தப் பட்லரின் தாத்தா, அவரும் சாமுவேல் பட்லர்தான், ஷ்ரூஸ்பரி பள்ளியில் டார்வினுக்குத் தலைமையாசிரியர். வேதியியல் சோதனை செய்து நேரத்தை வீணாக்குகிறான் என்று பையனை எல்லோர் முன்னும் கண்டித்தவர். அந்தப் பள்ளியால் தனக்கு ஒரு பயனும் இல்லை என்று டார்வின் தன்வரலாற்றில் எழுதிவைத்தார். பேரன் பட்லரும் சும்மா இருக்கவில்லை. தன் தாத்தாவின் வாழ்க்கையை இரண்டு பாகங்களாக எழுதி 1896இல் வெளியிட்டார். இரண்டு பேரன்கள், இரண்டு தாத்தாக்கள், ஒரே பள்ளிக்கூடம். ஆங்கிலேயருக்குப் பாரதம் இல்லை என்று யார் சொன்னது?

நோரா பார்லோ இந்த வம்பு முழுவதையும், வீட்டுக்குள் நடந்த கடிதப் போக்குவரத்தோடு, 1958 பதிப்பின் பின்னிணைப்பில் அச்சிட்டுவிட்டார். தாத்தா அனுப்பாமல் வைத்த பதில்களும் அதில் இருக்கின்றன. பட்லர் முழுப் பைத்தியக்காரரும் அல்லர், தாத்தா வாய் திறந்திருக்கலாம் என்று படிக்கிறவர் நினைக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தை நோரா அடைக்கவில்லை. அதன் பிறகும் முப்பத்தொரு வருஷம் வாழ்ந்து, 1989இல், 103 வயதில் இறந்தார்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1887இன் வெட்டுப்பட்ட பதிப்பு இன்றும் மறு அச்சாக விற்கிறது. இணையத்திலும் அதுதான் முதலில் கண்ணில் படும். அட்டையில் இரண்டிலும் டார்வினின் தன்வரலாறு என்றே இருக்கும். வாங்குவதற்கு முன் பதிப்பாசிரியர் பெயரைப் பாருங்கள். பிரான்சிஸ் என்றிருந்தால் மகன் கொடுத்தது. நோரா பார்லோ என்றிருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.